கேமராவுக்கு நான்கு நட்சத்திரம், அதோடு வந்த செட்டிங்ஸுக்கு ஒன்று

இந்த போனை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் ரிவ்யூ எழுதியிருந்தால் கண்டபடி திட்டித்தான் எழுதியிருப்பேன், நல்லவேளை சோம்பேறித்தனம் காப்பாற்றியது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் சங்கதிகளில் முக்கால்வாசி உங்கள் கையில் இருக்கும் போனிலும் இருக்கும். பின்பக்கம் மூன்று லென்ஸ், 50 மெகாபிக்சல் மெயின் கேமரா, அகலமான காட்சிக்கு ஒரு அல்ட்ரா வைடு, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட ஒரு 3 எக்ஸ் டெலி, அவ்வளவுதான். நிறம் எப்படி, இரவில் எப்படி, தோல் நிறத்தை வெளுக்கிறதா என்றெல்லாம் அலசி ஆராய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது ஃபிரேமைப் பற்றி மட்டும். கட்டத்துக்குள் எது வருகிறது, எது வெட்டுப்படுகிறது, அதை முடிவு செய்வது நானா, போனா?

முதல் மூன்று மாதம் போன்தான் முடிவு செய்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள், மொத்தம் 14 பேர், இரண்டு வரிசை, முன்வரிசை நாற்காலியில், பின்வரிசை நின்றபடி. போனைப் படுக்கைவாட்டில் பிடித்தேன். பின்னால் நின்றவர்களின் தலை வந்தால் முன்னால் இருந்தவர்களின் கால் வரவில்லை, காலைக் கொண்டுவந்தால் தலை போய்விட்டது. சரி, இரண்டடி பின்னால் போனேன். இன்னும் இரண்டடி. முதுகு சுவரில் இடித்தது. அதற்கு மேல் போக வழியில்லாமல் 0.5 எக்ஸை, அதாவது அல்ட்ரா வைடை, அழுத்தினேன். எல்லோரும் வந்துவிட்டார்கள், கூடவே கூரையும், மின்விசிறியும், பக்கத்தில் கிடந்த செருப்புகளும் வந்தன. எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சித்தி வந்து நின்றார். "ஏம்ப்பா, என்னை மட்டும் ஏன் இப்படி அகலமா ஆக்கி வச்சிருக்க?" பெரிதாக்கிப் பார்த்தால் நிஜம்தான். இடது ஓரத்தில் நின்ற சித்தியின் தோளும் கன்னமும் வெளிப்பக்கமாக இழுபட்டிருந்தன, வலது ஓரத்தில் மாமாவின் தலை பலாக்கொட்டை மாதிரி சாய்ந்து நீண்டிருந்தது. நடுவில் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சித்திக்குப் பதில் சொல்ல முடியாமல் "கேமரா சரியில்லை சித்தி" என்றேன். கேமரா சரியாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து தோண்டியதில்தான் விஷயம் புரிந்தது. இந்த போன் பெட்டியிலிருந்து வரும்போதே படத்தின் அளவு 'ஃபுல்' என்று வைக்கப்பட்டிருந்தது, அதாவது திரை முழுக்க நிரம்பும்படி 20:9 (நீளம் 20 பங்கு என்றால் அகலம் 9 பங்கு). திறந்தவுடன் பார்க்க ஜம்மென்று இருக்கும், கடையில் வைத்துக் காட்டுவதற்கு அதுதான் வசதி என்று நினைக்கிறேன். ஆனால் உள்ளே ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் வடிவம் 4:3, ஏறக்குறைய எல்லா போன்களிலும் அப்படித்தான். அது பிடிக்கும் முழுப் படம் 4000-க்கு 3000 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 16:9 வைத்தால் உயரம் 2250 ஆகிறது, கால்வாசிப் படம் காலி. 20:9 என்றால் உயரம் 1800 தான், நூற்றுக்கு நாற்பது பங்கு போய்விட்டது. சதுரமாக 1:1 வைத்தாலும் கால்வாசி போகும், அது பக்கவாட்டில். இப்போது அந்த குரூப் போட்டோவை யோசித்துப் பாருங்கள். போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் 'ஃபுல்' வெட்டுவது மேலும் கீழும். தலையும் காலும் எங்கே போயின என்று நான் தேடிக்கொண்டிருந்தேனே, அவை லென்ஸுக்குள் வந்துதான் இருந்தன, சென்சாரிலும் விழுந்துதான் இருந்தன, ஆப் தான் அவற்றை வழித்து எறிந்துகொண்டிருந்தது. நான் பின்னால் போனதும், சுவரில் இடித்ததும், 0.5-க்குத் தாவியதும், சித்தி அகலமானதும் எல்லாம் இந்த ஒரு செட்டிங்கால் வந்த வினை. 4:3 வைத்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே, மெயின் கேமராவிலேயே, 14 பேரும் தலை முதல் கால் வரை வந்திருப்பார்கள்.

ஆகவே முதல் வேலை, 4:3. திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும், முதல் இரண்டு நாள் ஏதோ பழைய போனுக்குத் திரும்பிவிட்டது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டுமென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டி எறிந்ததை ஒட்டவைக்க முடியாது.

அடுத்தது கிரிட் லைன்ஸ். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கேமரா ஆப்புக்குள்ளேயே பல்சக்கர ஐகானைத் தொட்டால் கிடைக்கும். ஐபோனில் கேமராவுக்குள் தேடினால் கிடைக்காது, வெளியே செட்டிங்ஸ் ஆப்பில் போய் 'கேமரா' என்பதைத் திறக்க வேண்டும். இரண்டு கோடு குறுக்கே, இரண்டு கோடு நெடுக்கே, ஒன்பது கட்டம். படத்தில் இந்தக் கோடுகள் பதிவாகாது (இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்). கோடுகள் சந்திக்கும் இடத்தில் முக்கியமானதை வை, அடிவானத்தை மேல் கோட்டிலோ கீழ்க் கோட்டிலோ வை என்பது எல்லோரும் சொல்லும் பாடம். இந்த மூன்றில் ஒரு பங்கு விதிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது கேமரா உலகம்கூட இல்லை, 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர், நிலக்காட்சி ஓவியங்களில் வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று பேசும்போது எழுதியது. போட்டோகிராபி பிறப்பதற்கு முன்னாலேயே வந்த விதி. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு கிரிட் பயன்படுவது வேறு இரண்டு காரியத்துக்கு. ஒன்று, கதவு நிலை, கட்டடத்தின் விளிம்பு, மின்கம்பம் இவையெல்லாம் நெடுக்குக் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க. இன்னொன்று, ஓரங்களைப் பார்க்க வைக்கிறது. கோடு இல்லாதபோது என் கண் நேராக முகத்துக்குத்தான் போகும், ஓரத்தில் யாருடைய முழங்கையோ பாதி நீட்டிக்கொண்டிருப்பது படம் எடுத்த பிறகுதான் தெரியும். கோடு இருந்தால் கண் ஒவ்வொரு கட்டமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறது. கூகுளின் பிக்சல் போன்களில் மூன்றுக்கு மூன்று போக, நான்குக்கு நான்கு என்றும் தங்க விகிதம் என்றும் கிரிட் உண்டு. தங்க விகிதக் கோடுகள் நடுவில் நெருங்கி நிற்கும், எனக்குப் பிடிக்கவில்லை, கண்ணுக்கு முன்னால் ஜன்னல் கம்பி போட்டது போல இருக்கிறது.

லெவலை கிரிட்டோடு சேர்த்து எண்ணாதீர்கள், அது தனி. போன் சற்றே சாய்ந்தால் நடுவில் ஒரு உடைந்த கோடு தோன்றும், நேரானதும் ஒன்றுசேர்ந்து நிறம் மாறும். ஐபோனில் 2023-இல் வந்த ஐஓஎஸ் 17-இலிருந்து இது தனி சுவிட்சாக இருக்கிறது. என் போனில் இது மூன்றாவது பக்கத்தில், "மேலும்" என்ற இடத்துக்குள் ஒளிந்திருந்தது. இந்த ஆப்பில் இருப்பதிலேயே உருப்படியான ஒரே வசதி எது என்று கேட்டால் லெவல் என்றுதான் சொல்வேன், அதை எதற்கு அணைத்து வைத்து அனுப்புகிறார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. "சாய்ந்தால் என்ன, எடிட்டில் நேராக்கிக்கொள்ளலாமே" என்பார்கள். ஆக்கலாம், ஆனால் இலவசமாக இல்லை. 4:3 படத்தை 3 டிகிரி திருப்பி, அதே வடிவத்தில் மீண்டும் வெட்டினால் படத்தின் பரப்பில் சுமார் 12 சதவீதம் போய்விடும், 5 டிகிரி என்றால் 19 சதவீதம். போவதெல்லாம் ஓரத்திலிருந்துதான் போகும். ஓரத்தில் யார் நிற்கிறார்கள்? சித்தி.

இனி லென்ஸ் விஷயம், இங்கேதான் போன் அதிகமாக ஏமாற்றுகிறது. திரையில் 0.5, 1, 2, 3 என்று நான்கு பொத்தான் இருக்கிறது, பின்னால் இருப்பதோ மூன்று லென்ஸ். அப்படியானால் அந்த 2? அது மெயின் கேமராவின் நடுப்பகுதி. 48, 50 மெகாபிக்சல் சென்சார்கள் வழக்கமாக நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம் தரும், 2 எக்ஸ் அழுத்தினால் சேர்க்காமல் நடுவில் இருக்கும் 12 மெகாபிக்சலை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஐபோன் 14 ப்ரோவில் 2022-இல் இது வந்தபோது ஏமாற்று வேலை என்று நினைத்தேன், இப்போது நான் அதிகம் தொடும் பொத்தானே அதுதான். 1 எக்ஸ் என்பது பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் கணக்கில் ஏறத்தாழ 24 மி.மீ. (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும்), நல்ல அகலம், ஒரு ஆளை மட்டும் எடுக்கும்போது பின்னால் இருக்கும் குப்பையெல்லாம் உள்ளே வந்துவிடும். 2 எக்ஸ் ஏறத்தாழ 48 மி.மீ., ஆளும் அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடமும், போதும். பகல் வெளிச்சத்தில் தரம் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை, இருட்டிவிட்டால் தெரியும்.

டெலியில் ஒரு சூட்சுமம். இரண்டு விரலால் விரித்து ஜூம் செய்து 2.8 அல்லது 2.9-இல் நிறுத்தினீர்கள் என்றால் நீங்கள் டெலி லென்ஸைப் பயன்படுத்தவே இல்லை, மெயின் கேமராவின் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். 3-ஐத் தொட்ட பிறகுதான் லென்ஸ் மாறும். அதனால் விரலால் விரிப்பதை விட்டுவிட்டு 3-ஐ அழுத்தி, காலால் ஓரடி பின்னால் போவது நல்லது. ஆனால் 3-ஐ அழுத்திவிட்டால் டெலிதான் வேலை செய்கிறது என்றும் நம்பிவிடாதீர்கள்! வெளிச்சம் குறைவாக இருந்தாலோ பொருள் ரொம்பப் பக்கத்தில் இருந்தாலோ, திரையில் 3 எக்ஸ் என்று காட்டிக்கொண்டே போன் சத்தமில்லாமல் மெயின் கேமராவுக்குப் போய்விடும். சோதித்துப் பார்ப்பது சுலபம். 3 எக்ஸில் வைத்து, பின்னால் டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் டெலி. இருளாமல் படம் அப்படியே தெரிந்தால் வேறு லென்ஸ். நான் மேசை விளக்கு வெளிச்சத்தில் ஒரு கைக்கடிகாரத்தை வைத்து இதைச் செய்தேன், மூன்று லென்ஸையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து வீட்டில் என்ன நினைத்தார்களோ. இரண்டடி தூரம் வரை மெயின் கேமரா, அதற்கு மேல் போனதும் சட்டென்று டெலி. மாறும் நொடியில் ஃபிரேம் ஒரு துள்ளு துள்ளுகிறது. லென்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒரே இடத்தில் இல்லையே, அதனால் அருகில் இருக்கும் பொருள் இடம் பெயர்ந்தது போல நகரும். நீங்கள் ஓரத்தைச் சரிபார்த்து, மூச்சைப் பிடித்து, அழுத்தும் கணத்தில் இது நடந்தால் வரும் கோபத்தைச் சொல்லி மாளாது.

இதே கோளாறு ஆட்டோ மேக்ரோவிலும் உண்டு. பூவையோ எறும்பையோ எடுக்க நெருங்கினால் போன் தானாக அல்ட்ரா வைடுக்குத் தாவி, அதன் நடுப்பகுதியை வெட்டிக் காட்டும். பழைய கடிதம் ஒன்றின் நாலு வரியை மட்டும் எடுக்க முயன்றபோது போனைச் சற்று நெருக்கினால் அல்ட்ரா வைடு, சற்று விலக்கினால் மெயின், இரண்டுக்கும் நடுவே ஃபிரேம் ஊஞ்சல் ஆடியது. நல்லவேளையாக இதற்குக் கடிவாளம் இருக்கிறது. ஐபோன்களில் 'மேக்ரோ கண்ட்ரோல்' என்ற சுவிட்சை ஏற்றிவைத்தால் பூ வடிவ ஐகான் ஒன்று வரும், அதைத் தொட்டு நிறுத்தலாம். என் போனிலும் ஏறக்குறைய அப்படி ஒன்று இருக்கிறது. நிறுத்திவிட்டு, ஓரடி பின்னால் வந்து, 2 எக்ஸ் போட்டு எடுத்தால் கடிதத்தின் வரிகள் நேராக வருகின்றன, கையின் நிழலும் தாளில் விழுவதில்லை.

அல்ட்ரா வைடைப் பற்றி இன்னும் ஒன்று, சித்திக்காக. 0.5 எக்ஸ் ஏறத்தாழ 13 மி.மீ. அவ்வளவு அகலமான காட்சியைத் தட்டையான செவ்வகத்துக்குள், நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும்படி அடக்க வேண்டுமென்றால் ஓரங்களை இழுத்துத்தான் ஆக வேண்டும். கட்டடத்துக்கு அது சரி, முகத்துக்குச் சரியில்லை. 'லென்ஸ் கரெக்‌ஷன்' என்ற பெயரில் ஒரு சுவிட்சைச் சில போன்களில் பார்க்கலாம். அதைப் போட்டால் ஓரத்து முகங்கள் ஓரளவு இயல்பாகின்றன, முழுதாக இல்லை. ஆட்கள் இருந்தால் 0.5-ஐத் தொடாதே, தொட்டே ஆக வேண்டுமென்றால் யாரையும் ஓரத்தில் நிறுத்தாதே என்பதுதான் என் வழக்கம் இப்போது.

மேலிருந்து நேர் கீழாக எடுப்பது, அதாவது மேசையில் விரித்த தாள், தரையில் போட்ட கோலம் மாதிரி, இதில் எல்லா போன்களும் சொதப்புகின்றன. போன் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதைப் புவியீர்ப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தட்டையாகப் பிடித்தால் அதற்குத் தலை எது கால் எது என்று தெரியாது, கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதையே வைத்துக்கொள்ளும். அதனால்தான் பாதிப் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வருகிறது. வழி இதுதான்: முதலில் போனை நேராக நிமிர்த்துங்கள், திரையில் இருக்கும் ஐகான்கள் சரியான பக்கம் திரும்புவதைப் பாருங்கள், அப்புறம் மெதுவாகக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கொண்டுவாருங்கள். கிரிட்டோ லெவலோ போட்டிருந்தால் சில போன்களில் நடுவில் இரண்டு சிலுவைக் குறிகள் தோன்றும், ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் போன் தரைக்கு இணையாக இருக்கிறது என்று அர்த்தம். பில், சான்றிதழ், வரைபடம் எடுப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பக்கம் கோணலாக வருவது பாதி குறையும்.

செல்ஃபிக்கு வருவோம். எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம், பதிவாவது பெரும்பாலும் திருப்பப்பட்ட படம். வகிடு இந்தப் பக்கம் இருந்தது, படத்தில் அந்தப் பக்கம் போய்விட்டது, ஒரு பக்கம் சாய்த்து வைத்த தலை மறுபக்கம் சாய்ந்தது. ஃபிரேமைப் பார்த்துப் பார்த்து அமைத்தவருக்கு இது எரிச்சல்தான். ஐபோனில் 'மிரர் ஃப்ரண்ட் கேமரா', சாம்சங்கில் 'சேவ் செல்ஃபிஸ் அஸ் ப்ரிவியூட்' என்று இருக்கும், அதைப் போட்டால் பார்த்தது பார்த்தபடி பதிவாகும். ஒரே சிக்கல், சட்டையில் எழுத்து இருந்தால், பின்னால் பெயர்ப்பலகை இருந்தால் இடவலம் மாறித் தெரியும். நான் போட்டுவைத்திருக்கிறேன், பலகை முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. இன்னொன்று, செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்பது பிரமை இல்லை. 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்கிறது. லென்ஸின் குற்றம் இல்லை, தூரத்தின் குற்றம். போனை எங்கேயாவது சாய்த்து வைத்து, டைமர் போட்டு, தள்ளி நின்று எடுத்துவிட்டு வெட்டிக்கொண்டால் முகம் முகமாக இருக்கும்.

டைமர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஃபிரேமைக் கெடுப்பதில் என் கட்டைவிரலுக்குப் பெரும் பங்கு உண்டு. திரையில் இருக்கும் வெள்ளை வட்டத்தை அழுத்தும்போது போன் கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது, அதுவரை லெவலில் சரியாக நின்ற கோடு அந்தக் கணத்தில் விலகுகிறது. வால்யூம் பட்டனை ஷட்டராக மாற்றிக்கொண்டேன், செட்டிங்ஸில் "வால்யூம் பட்டன் எதற்கு" என்று ஒரு வரி இருக்கும். படுக்கைவாட்டில் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் இயல்பாக அங்கேதான் வந்து உட்காருகிறது. கை நடுங்குபவர்களுக்கு 2 அல்லது 3 நொடி டைமர் இன்னும் நல்லது, அழுத்திய அதிர்வு அடங்கிய பிறகு படம் விழும்.

செட்டிங்ஸே இல்லாத ஒரு தந்திரம்: போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் போனின் மேல் மூலையில் இருக்கிறது, குழந்தையையோ பூனையையோ எடுக்க நீங்கள் எவ்வளவு குனிந்தாலும் லென்ஸ் ஒரு சாண் உயரத்தில்தான் நிற்கும். தலைகீழாக்கினால் லென்ஸ் தரையைத் தொடும். படம் தானாக நேராகிவிடும். எங்கள் வீட்டுப் பூனை முதல்முறையாக ஒரு புலி மாதிரி தெரிந்தது அப்போதுதான்.

ஃபோகஸ் பூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு ஃபிரேமை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். இல்லாவிட்டால் முகத்தை ஓரத்துக்குக் கொண்டுபோன உடனே போன் நடுவில் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும், வெளிச்சமும் அதற்கேற்ப மாறும். பூட்டிவிட்டு முன்னாலோ பின்னாலோ நகரக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த போனில் பெரிதாக விளம்பரம் செய்த ஒன்று உண்டு, படம் எடுக்கும்போது ஒரு வட்டத்தைக் காட்டி "இங்கே நகர்த்து" என்று வழிகாட்டும். இரண்டு வாரம் அது சொன்னபடி நகர்த்தினேன். ஆளை எப்போதும் ஏதோ ஒரு கிரிட் புள்ளிக்குத் தள்ளுகிறது, அல்லது நட்டநடுவில் நிறுத்துகிறது. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது அதற்குக் கணக்கே இல்லை. மாமா இடது பக்கம் திரும்பி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், இதுவோ அவரை இடது ஓரத்துக்கு ஒட்ட வைக்கச் சொல்கிறது, சுவரில் முட்டப்போகிறவர் மாதிரி. பார்வை போகும் பக்கம் இடம் விட வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அணைத்துவிட்டேன். ஐபோன்களில் இருக்கும் 'வியூ அவுட்சைட் தி ஃபிரேம்' மாதிரி ஒன்று இதில் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அதில் கட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று மங்கலாகத் தெரியும், உள்ளே வரப்போகிறவர், வெட்டுப்படப்போகும் கை எல்லாம் முன்கூட்டியே கண்ணில் படும். நண்பரின் போனில் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவரோ கண்ணை உறுத்துகிறது என்று அணைத்து வைத்திருக்கிறார்.

வீடியோவில் ஒரே ஒரு எச்சரிக்கை. போட்டோவில் ஃபிரேம் அமைத்துவிட்டு வீடியோவுக்கு மாற்றினால் காட்சி குறுகும், ஏனென்றால் அது 16:9, அதோடு ஆட்டத்தைக் குறைக்க ஓரங்களில் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே எடுப்பதற்கான முறையில் இன்னும் அதிகமாக வெட்டும். அதனால் முதலில் வீடியோவுக்கு மாற்றுங்கள், அப்புறம் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு எல்லாவற்றையும் மாற்றி வைத்தால், மறுநாள் ஆப்பைத் திறக்கும்போது சில பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். இதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன், ஒரு மனக்குறையும் இல்லை. ஐபோனில் 'பிரிசர்வ் செட்டிங்ஸ்' என்ற தனிப் பக்கமே இருக்கிறது, எதை நினைவில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். என் போனிலும் "கடைசியாகப் பயன்படுத்தியதை வைத்துக்கொள்" என்று இருக்கிறது, படத்தின் அளவுக்குத் தனியாக, ஃபில்டருக்குத் தனியாக, செல்ஃபி கோணத்துக்குத் தனியாக. ஐந்தாவது மாதம் வந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் மீண்டும் 'ஃபுல்'லுக்குக் கொண்டுபோய் வைத்தது. நான் கவனிக்காமல் அன்று 60 படம் எடுத்தேன். அறுபதும் நீளமாக, பட்டை பட்டையாக, ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தது போல. கஸ்டமர் கேரில் எழுதிக் கேட்டதற்கு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள் என்று பதில் வந்தது. நான் கேட்டதே, ஃபேக்டரியில் வைத்த செட்டிங் திரும்ப வருகிறதே, அதை எப்படித் தடுப்பது என்று.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். லென்ஸ்கள் நல்லவை, மெயின் கேமராவின் 2 எக்ஸ் அருமை, டெலி பகலில் நம்பலாம். வாங்கிய அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி 4:3, கிரிட், லெவல், வால்யூம் பட்டன், மிரர் செல்ஃபி, மேக்ரோ சுவிட்ச் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், அப்புறம் கடைசி செட்டிங்கை நினைவில் வைக்கும் சுவிட்சையும் மறக்காமல் போடுங்கள். நான் மூன்று மாதம் கழித்துச் செய்தேன், அந்த மூன்று மாதப் படங்களை இப்போது பார்த்தால் எல்லோருக்கும் நெற்றி குறைகிறது.

போன மாதம் மறுபடி எல்லோரும் கூடினோம், இந்த முறை 16 பேர். 4:3, 1 எக்ஸ், போனை அலமாரியில் சாய்த்து லெவலைப் பார்த்து 10 நொடி டைமர் வைத்தேன், சுவர் வரை போக வேண்டிய அவசியமே வரவில்லை. ஓடிப்போய் வரிசையில் நிற்கப் பார்த்தால் எனக்கென்று இடது ஓரத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. சித்தி முதல் ஆளாக வந்து நடு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். "இப்போ ஓரத்துல நின்னாலும் ஒண்ணும் ஆகாது சித்தி" என்றேன். "அப்போ நீயே நில்லு" என்றார்.